தகடு தாங்கினால் போதுமா?

மயிலை மாங்கொல்லையிலே கூட்டம். பேசி முடித்து மேடையைவிட்டு நாம் இறங்கியபோது மணி பத்து. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கொடிக்கம்பத்துக் கயிற்றை அவிழ்ப்போர் ஒருபுறம், பெஞ்சுகளை அடுக்குவோர் மறுபுறம். அந்தச் சந்தடியிலே ஒரு இளைஞர் நம்மை நெருங்கினார். சட்டையிலே எண்ணெய்க் கறை, விரல் நுனியிலே இரும்புத்தூள் ஏறிய கருமை. பார்த்த மாத்திரத்திலே தெரிந்தது, பட்டறைத் தொழிலாளி.

"அண்ணே, அரசியல் கேள்வி இல்லே. இரும்புக் கேள்வி. கேக்கலாமா?" என்றார்.

இரும்பைத் தொடாத அரசியல் ஏது தம்பி, கேள் என்றோம்.

அவர் சொன்னது இது. அடையாற்றுப் பக்கம் ஒரு சிறு பட்டறையிலே அவருக்கு வேலை. முதலாளிக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு இலக்குத் தகடுகள் செய்து கொடுக்கவேண்டும். சின்னத் துப்பாக்கிக்கு அல்ல, பெரிய ரைபிளுக்கு. முதலாளி கணக்குப் போட்டார். 'புதுப்பேட்டைக் காயலான் கடையிலே பழைய பிளேட் கிடைக்கும். கேஸ் வைத்து அறு. வட்டமாக வெட்டு. வெள்ளை அடி. அனுப்பு' என்றார். தம்பியின் கை அறுக்கத் தயார். மனம் மட்டும் தயங்குகிறது.

"இரும்புதானே அண்ணே, தாங்காதா?"

தாங்குமா? நாம் மேடையிலே முழங்கியவற்றுக்கெல்லாம் கைதட்டல் கிடைத்தது. இந்த ஒரு கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசுவது நமக்குப் பழக்கமும் இல்லை. 'பத்து நாள் பொறு தம்பி, அதுவரை அறுக்காதே' என்று சொல்லி அனுப்பினோம். பத்து நாளும் படித்தோம், கேட்டோம், அலைந்தோம். அறிந்ததை அந்தத் தம்பிக்கு மட்டும் சொன்னால் போதுமா? பட்டறைதோறும் பாடுபடும் தோழர்கள் அத்தனை பேருக்கும் சொல்லவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலிலே, அடிக்கிற கை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பிறகு, தாங்குகிற முதுகைப் பற்றிப் பேசுவோம்.

தோட்டா என்பது விரல் நீளப் பொருள். அதன் வேகத்திலேதான் வினை இருக்கிறது. விளையாட்டுக்குச் சுடும் பாயிண்ட் டூ டூ தோட்டாவின் ஆற்றல் 150 ஜூல் அளவு. படையினர் கையிலே உள்ள 7.62 மில்லிமீட்டர் தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும், அதன் ஆற்றல் 3,300 ஜூல் அளவு. பாயிண்ட் 338 என்னும் நெடுந்தூரத் தோட்டாவுக்கு 6,500. அதற்கும் அண்ணன் 12.7 மில்லிமீட்டர். அதன் குண்டு மட்டும் 42 கிராம். ஆற்றலோ ஏறத்தாழ 17,000 ஜூல்! முதலிலே சொன்னது குட்டு என்றால் கடைசியிலே சொன்னது சம்மட்டி. இரண்டுக்கும் ஒரே தகடு என்று சொல்பவர், கொசுவுக்கும் காளைக்கும் ஒரே கயிறு என்று சொல்பவர்!

அந்தப் பெரிய துப்பாக்கி எங்கோ அயல்நாட்டிலே இருப்பது என்று எண்ணவேண்டாம். நம் திருச்சியிலே, 1966இலே தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையிலே, நம் தொழிலாளர் கைகள் 'விதுவன்சக்' என்ற துப்பாக்கியைச் செய்தன. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று குழாயை மாற்றிக்கொள்ளலாம். 1,800 மீட்டர் தூரத்திலே நிற்கும் வண்டியையும் உடைக்கும் என்பார்கள். செய்தவனும் தொழிலாளி. சுடுகிற சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளை. இலக்குத் தகட்டை அறுப்பவனும் நம் அடையாற்றுத் தம்பி. ஆகவே இது நம்முடைய விஷயம் இல்லாமல் வேறு யாருடைய விஷயம்?

இனி, தகடு.

தியாகராய நகருக்குச் சென்றோம். ரங்கநாதன் தெருவிலே பாத்திரக் கடைகளைப் பாருங்கள். குடம், தூக்கு, அண்டா, அடுக்கு என்று எவர்சில்வர் மின்னுகிறது. 'இதைவிட உறுதியான உலோகம் உண்டா? துருவே பிடிக்காதே!' என்று கேட்பார்கள். துரு பிடிக்காதது வேறு, குண்டு தாங்குவது வேறு. 1967இலே சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று எழுச்சி நாள் நடத்தினார்கள் நம் முன்னவர்கள். 1970இலே அடிக்கல் நாட்டப்பட்டது. 1981இலே ஆலை இயங்கத் தொடங்கியது. அந்த ஆலையின் தகடு வீட்டிலே பாத்திரமாகிறது, நாணய வில்லையாகவும் ஆகிறது. நமக்கு அது பெருமை. ஆனால் பாத்திரத்துக்குரிய உருக்கைப் பெரிய தோட்டாவின் முன்னே நிறுத்தினால் பழி உருக்குக்கு அல்ல, நிறுத்தியவனுக்கு!

உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு வழி உண்டு. சுவீடன் நாட்டுப் பிரினெல் என்பவர் 1900இலே அதைச் சொன்னார். பத்து மில்லிமீட்டர் கோலிக்குண்டு போன்ற ஒரு கடினமான உருண்டையை 3,000 கிலோ பாரத்தாலே தகட்டின்மேல் அழுத்தவேண்டும். எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று அளக்கவேண்டும். பள்ளம் பெரிதானால் உலோகம் மெத்தனம், சிறிதானால் கடினம். பட்டறையிலே 'எம்.எஸ். பிளேட்' என்கிறோமே, அந்தச் சாதாரண இரும்பிலே பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர், பிரினெல் எண் 120 அளவு. இலக்குக்கு ஏற்ற உருக்கிலே அகலம் இரண்டே முக்கால் மில்லிமீட்டர்தான், எண் 500! உலகெங்கும் 'ஏ.ஆர். 500' என்று பெயர் சொல்லிக் கேட்பது அதைத்தான். தேய்மானத்தைத் தாங்கும் தகடு என்று பொருள்.

இந்தத் தகடு நமக்குப் புதிதா? இல்லை தோழர்களே! டிப்பர் லாரியின் தொட்டியிலே, மண்வாரி எந்திரத்தின் வாயிலே, கல் உடைக்கும் கிரஷரிலே, சிமெண்டு ஆலையின் சரிவுத் தொட்டியிலே இதன் இனத்தைத்தான் பொருத்துகிறார்கள். சுவீடனிலே 'ஹார்டாக்ஸ்' என்ற பெயரிலே வருகிறது. நம் பொதுத்துறை ஆலையான 'செயில்' நிறுவனமும் 'செயில்ஹார்டு' என்று தேய்மானத் தகடு உருட்டுகிறது. நொய்யல் கரையிலே கொடுமணலை அகழ்ந்தபோது உருக்கு உலைகளும் மூசைகளும் கிடைத்தன. உருக்கோடு உறவாடிய கை தமிழன் கை. அந்தக் கைக்கு எந்த உருக்கு எதற்கு என்று தெரியாமல் போகலாமா?

சரி, மெத்தனமான இரும்பை நிறுத்தினால் என்னதான் ஆகிவிடும்? ஓட்டை விழும், அவ்வளவுதானே என்று கேட்பீர்கள். ஓட்டை விழுந்து போய்விட்டால்கூடப் பரவாயில்லை. ஓட்டை விழாமல் பள்ளம் விழுந்தால்தான் ஆபத்து!

வீட்டுக் குழாயடியிலே சோதித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் தோசைக்கல்லின் நடுவிலே விழட்டும். நாலா பக்கமும் பக்கவாட்டிலே சிதறி ஓடும், முகத்திலே படாது. அதே தண்ணீர் ஒரு கரண்டியின் குழியிலே விழட்டும். விழுந்த வேகத்திலே திரும்பி வந்து சட்டையை நனைக்கும். தோட்டாவும் அப்படித்தான். ஈயத்தின்மேல் செம்பு போர்த்த குண்டு, கடினமான, வழவழப்பான, தட்டையான தகட்டிலே பட்டால் நொறுங்கும். நொறுங்கிய துணுக்குகள் தகட்டின் முகத்தை ஒட்டியே, இருபது பாகைக்குள்ளே, ஓரமாகச் சிதறும். சுட்டவனை நோக்கி வராது. ஆனால் சாதாரண இரும்பிலே முதல் குண்டு குழி பறிக்கும். இரண்டாவது குண்டு அந்தக் குழியிலே விழுந்தால்? துணுக்குகள் குழியின் சுவரிலே வளைந்து சுட்டவன் கண்ணை நோக்கியே திரும்பும்! தோசைக்கல்லாக நிற்கவேண்டிய தகடு பணியாரச் சட்டியானால் வேகிறது பணியாரம் அல்ல, படிக்க வந்த சிப்பாயின் கண்.

ஆகவே முதல் விதி: கடினம் 500. இரண்டாவது விதி: முகம் தட்டை. குழி, விரிசல், வளைவு கண்டால் தகட்டைக் கழற்றித் தூர எறி. 'இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம்' என்ற பேச்சு கூடாது.

தடிமன் எவ்வளவு? சாதாரண ரைபிளுக்கு ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர். இன்னும் பெரிய ரைபிளுக்குப் பன்னிரண்டரை. 12.7 தோட்டாவுக்கு இருபது முதல் இருபத்தைந்து. தூரம் எவ்வளவு? சாதாரண ரைபிளானாலும் நூறு கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, அருகிலே நின்று உருக்கைச் சுடவே கூடாது. 12.7க்கு 500 கெஜத்துக்கு அப்பால் நிறுத்தச் சொல்கிறார்கள் தகடு செய்வோர் பலர். ஏன்? தகட்டைக் குழி பறிப்பது குண்டின் எடையைவிட வேகம். நொடிக்கு 900 மீட்டரைத் தாண்டிய வேகத்திலே பட்டால் 500 எண் உருக்கும் தழும்பேறும். தூரம் கூடினால் வேகம் குறையும். தூரத்துக்குக் காசு இல்லை தோழர்களே, இடம்தான் வேண்டும்!

தோட்டாவிலும் சாதி உண்டு. இந்தச் சாதியை மட்டும் நாம் பார்த்தே ஆகவேண்டும்! உள்ளே உருக்குக் கூர் வைத்த தோட்டா, கவசத்தைத் துளைக்கவே பிறந்த தோட்டா ஆகியவற்றை உருக்கு இலக்கின்மேல் சுடக்கூடாது. அவை நொறுங்கா. துளைக்கும், இல்லையேல் தெறித்துத் திரும்பும்.

அடுத்து, நம் தம்பியின் கையிலே இருந்த கேஸ் விளக்கு. முதலாளி 'அறு' என்றாரே, அதிலேதான் பெரிய பிழை. இந்தத் தகட்டுக்குக் கடினம் பிறப்பிலே வந்தது அல்ல. 900 பாகை அளவுக்குச் சூடேற்றித் தண்ணீரிலே சடக்கெனக் குளிரவைத்து வந்தது. மறுபடி 250 பாகைக்கு மேலே சூடுபட்டால் வந்த கடினம் போய்விடும். கேஸ் சுடரோ 3,000 பாகைக்கு மேலே! அந்தச் சுடராலே அறுத்தால் ஓரம் முழுவதும் மெத்தனமாகும். நடுவிலே சிங்கம், ஓரத்திலே சுண்டெலி. வெல்டிங்கும் அப்படித்தான். சுடுகிற முகத்திலே வெல்டிங் வைத்த இடம் முதலிலே குழியும். தண்ணீர்ப் பீச்சாலோ லேசராலோ அறுப்பதே நல்லது. பிளாஸ்மாவிலே அறுத்தாலும் சூடு பரவும் பட்டை குறைவு. நம் சிறு பட்டறையிலே இவை இல்லையா? அறுக்கும் வேலையை மட்டும் உள்ள இடத்திலே கொடுத்து வாங்கலாம். வெட்கம் எதற்கு?

தகட்டை எப்படித் தொங்கவிடுவது? விறைப்பாக நட்டு வைக்காதே. அடி விழுந்தால் ஆடட்டும், ஆடினால் அடியின் பாதி வலி போகும். சுடுகிற முகம் கீழ்நோக்கிச் சற்றே குனிந்து நிற்கட்டும், துணுக்குகள் மண்ணிலே இறங்கும். முகத்திலே துருத்திய போல்ட், நட்டு எதுவும் வேண்டாம். அதிலே பட்ட குண்டு எந்தத் திசையிலே போகும் என்று எவராலும் சொல்லமுடியாது. சங்கிலியும் சட்டமும் தகட்டின் மறைவிலே இருக்கட்டும். சுடுவதற்கு முன் வெள்ளை அடி, பட்ட இடம் கறுப்பாகத் தெரியும். சுடுபவர்க்கும் பார்ப்பவர்க்கும் கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி வேண்டும். இது ஆடம்பரம் அல்ல, அரிசி பருப்பு போல அவசியம்.

கனத்தையும் கணக்கிலே கொள்ளுங்கள். ஓரடிச் சதுரம், பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஏறத்தாழ எட்டே முக்கால் கிலோ. ஒருவர் தூக்கலாம். இரண்டடிச் சதுரம், இருபத்தைந்து மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ எழுபது கிலோ! அதைத் தொங்கவிடுவது யார்? தளபதியா, தாசில்தாரா? கூலித் தொழிலாளி. அவன் காலிலே விழாதபடி கொக்கியும் கப்பியும் கொடுப்பது எவர் கடமை? அடியிலே சிதறிக் கிடக்கும் ஈயத்தைக் கூட்டி அள்ளுவதும் அவனே. ஈயத்தூள் நஞ்சு. அந்தக் கையோடு சோறு தின்னக்கூடாது. அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கக்கூடாது. இதை அவனிடம் சொன்னவர் உண்டா?

இத்தனையும் சொல்லிவிட்டோம். 'ஆக, நல்ல தகடு வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது' என்று எண்ணுவீர்கள். இல்லை. பெரிய கேள்வி இனிமேல்தான்.

பட்ட குண்டைத் தகடு தாங்கும். படாத குண்டை?

பயிற்சி என்றாலே தவறும். தவறாதவனுக்குப் பயிற்சி எதற்கு? தவறிய குண்டு எங்கே போகும் என்பதைக் கணக்குப் பாருங்கள். மயிலைத் தெப்பக்குளக் கரையிலே நின்று ஒருவன் சுடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தச் சின்ன பாயிண்ட் டூ டூ கூட ஒன்றரைக் கிலோமீட்டர் போகும், மந்தைவெளியைத் தாண்டிவிடும். 7.62 மூன்று கிலோமீட்டருக்கு மேலே போகும், அடையாற்றையே கடக்கும். 12.7 ஆறு கிலோமீட்டருக்கு மேலே, சைதாப்பேட்டையையும் தாண்டும்! குண்டுக்கு எல்லைக்கல் தெரியாது. கம்பிவேலி தெரியாது. 'இது பயிற்சி' என்றும் தெரியாது.

கற்பனை என்று சொல்வோருக்கு ஒரு தேதி சொல்கிறோம். 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம், நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டி. அங்கே காவல்துறையின் துப்பாக்கி சுடும் தளம். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சியிலே இருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலே, தாத்தா வீட்டிலே இருந்த பதினொரு வயதுச் சிறுவன். பாய்ந்து வந்த குண்டு அவன் தலையிலே பட்டது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே உயிருக்குப் போராடினான். 2022 சனவரி 3ஆம் நாள் மறைந்தான்.

அவன் குற்றம் என்ன? போர்க்களத்திலே நின்றானா? எல்லையிலே ஊடுருவினானா? தாத்தா வீட்டுக்கு வந்திருந்தான், அவ்வளவே. அரசு பத்து லட்ச ரூபாய் நிதி அறிவித்தது. தளத்திலே பயிற்சி நிறுத்தப்பட்டது. நிறுத்தவேண்டியதுதான். ஆனால் நாம் கேட்கிறோம்: பிள்ளை போன பிறகு நிறுத்துவதற்குப் பெயர் பாதுகாப்பா?

படையினர்க்குப் பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பயிற்சி இல்லாத கையிலே துப்பாக்கி கொடுப்பது அதைவிடக் கொடுமை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை இந்த நகரம் மறக்கவில்லை. அந்தப் பெயரே நம் பேச்சிலே ஒரு சொல்லாகிவிட்டது. காவல் வேண்டும், கற்கவும் வேண்டும். ஆனால் கற்கிற இடத்துக்குப் பின்னாலே மலையோ, மண்ணாலே உயர எழுப்பிய அணையோ இருக்கவேண்டும். கல் பொறுக்கிய மண்ணாக இருக்கவேண்டும், கல்லிலே பட்ட குண்டு தெறிக்கும். அணையிலே புதைந்த ஈயத்தை அவ்வப்போது அகற்றவேண்டும், ஒரே இடத்திலே சேர்ந்த ஈயம் புதுக் குண்டைத் திருப்பிவிடும். மலை இருந்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். நார்த்தாமலையிலே பாறைக்கா பஞ்சம்? அணையைத் தாண்டியும் குண்டு போகக்கூடிய தூரம் வரை, ஆள் நடமாட்டம் இல்லாத நிலம் வேண்டும். ஊர் வளர்கிறது. நேற்றுக் காடாக இருந்த இடத்திலே இன்று குடிசை. பத்தாண்டுக்கு முன் போட்ட வரைபடத்தைக் கையிலே வைத்துக்கொண்டு இன்றைக்குச் சுடலாமா? ஆண்டுக்கொரு முறை அளந்து பார்க்கவேண்டாமா?

ஆக, தகட்டைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை. தகட்டுக்குப் பின்னாலே இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. நல்ல தகடு சுடுகிறவன் கண்ணைக் காக்கும். நல்ல அணை சுடப்படாதவன் பிள்ளையைக் காக்கும்.

பத்தாம் நாள் அந்தத் தம்பியைச் சந்தித்தோம். அடையாறு பாலத்தருகே தேநீர்க் கடை. எல்லாவற்றையும் சொன்னோம். எழுதியும் கொடுத்தோம். மறுநாள் அவர் முதலாளியிடம் போய் நின்றிருக்கிறார். 'அறுக்கமாட்டேன் முதலாளி, கேஸிலே அறுத்தா கெட்டுப்போகும். எந்தத் தோட்டாவுக்குன்னு கேட்டு எழுதுங்க' என்றாராம். முதலாளி முதலிலே சீறினார். வேலையை விட்டுப் போகச் சொன்னார். பக்கத்திலே லேத்திலே நின்ற மூத்த தொழிலாளி ஒருவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, 'பையன் சொல்றது சரிதானுங்க' என்று ஒரே வார்த்தை சொன்னார். மற்ற இருவரும் எந்திரத்தை நிறுத்தினார்கள். முதலாளி சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கடிதம் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. காயலான் கடைத் தகடு அறுபடாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. தம்பி வேலையிலே இருக்கிறார்.

சிறு வெற்றிதான். ஆனாலும் நினைத்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி 'ஏன்' என்று கேட்டார். இன்னொருவர் துணை நின்றார். அதனாலே எங்கோ ஒரு சிப்பாயின் கண், பெயர் தெரியாத அந்தக் கண், தப்பக்கூடும்.

ஆகவே தோழர்களே, இப்படியொரு வேலை உங்கள் பட்டறைக்கு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டா? எத்தனை தூரம்? பின்னாலே என்ன இருக்கிறது? மூன்றுக்கும் எழுத்திலே பதில் வரும்வரை கேஸ் விளக்கைப் பற்றவைக்காதீர்கள். 'உனக்கெதற்கு அந்தக் கேள்வியெல்லாம்' என்று எவராவது சொன்னால், பசுமலைப்பட்டியைச் சொல்லுங்கள். தாத்தா வீட்டுக்கு வந்த அந்தச் சிறுவனைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் வாதாட எவருக்காவது வாய் இருந்தால், அவரை நம்மிடம் அனுப்புங்கள். மாங்கொல்லையிலே மேடை போட்டுப் பதில் சொல்ல நாம் இருக்கிறோம்!